வெவ்வேறு இன ஆமைகளை ஒரே பட்டியில் அடைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வளர்ப்புப் பிராணிகள் குறித்து அண்மையில் வெளிவந்த கட்டுரையையும், அதனுடன் அச்சாகியிருந்த பெரிய வண்ணப்படத்தையும் கண்டு இக்கடிதத்தை எழுதுகிறேன். சுவர் சூழ்ந்த ஒரு தோட்டத்தில் சல்கட்டா, சிறுத்தை ஆமை, செங்கால் ஆமை, ரஷ்ய ஆமை என நான்கு இன நில ஆமைகள் ஒரே தட்டைச் சுற்றி நின்று இரையெடுப்பதை அப்படம் காட்டியது. அவை ஒற்றுமையாக வாழ்வதாகப் படத்தின் கீழே ஒரு வரியும் இருந்தது. படம் அழகானதுதான். ஆனால் அதைப் பார்த்துவிட்டு அதே போன்றதொரு தோட்டத்தை அமைக்க விரும்பும் வாசகர்கள் இருப்பார்கள். வெவ்வேறு இன நில ஆமைகளை ஒரே பட்டியில் வைத்தால் அவை நோயுற்றும் காயப்பட்டும் மெல்ல நலிந்தும் சாகக்கூடும் என்பதை, நீண்டகாலமாக இவ்வுயிர்களை வளர்த்து வருபவன் என்ற முறையில் அவர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

படத்தில் கண்ட நான்கு இனங்களும் எந்த நிலத்துக்கு உரியவை என்று பார்த்தாலே சிக்கலின் பாதி விளங்கிவிடும். சல்கட்டா, சகாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பை ஒட்டிக் கிடக்கும் சாஹேல் வறள்நிலத்தைச் சேர்ந்தது. பகல் வெப்பத்துக்குத் தப்புவதற்காகப் பல மீட்டர் நீளமுள்ள வளைகளைத் தோண்டி அவற்றுக்குள் ஒடுங்கிக் கிடப்பது. சிறுத்தை ஆமை கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவின் புல்வெளிகளில் மேய்ந்து திரிவது. செங்கால் ஆமை தென் அமெரிக்காவின் ஈரம் மிகுந்த காட்டோரங்களிலும் சவன்னாக்களிலும் உதிர்ந்த பழங்களையும் காளான்களையும் தேடித் தின்பது. ரஷ்ய ஆமை என்று கடைகளில் விற்கப்படும் ஹார்ஸ்ஃபீல்ட் ஆமையோ, மத்திய ஆசியாவின் வறண்ட புல்வெளியில் ஆண்டுக்குச் சில மாதங்கள் மட்டும் வெளியே வந்து அவசர அவசரமாக மேய்ந்து இனப்பெருக்கம் செய்துவிட்டு, எஞ்சிய காலம் முழுவதையும் மண்ணுக்கடியில் உறங்கிக் கழிப்பது. இந்த நான்கையும் ஒரு சுவருக்குள் விட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரு நடுத்தரத் தட்பவெப்பத்தைக் கொடுத்துவிடலாம் என்று எண்ணுவது வீண். அப்படி அமைக்கப்படும் இடம் எந்த ஓர் இனத்துக்கும் உரிய இடமாக இருப்பதில்லை.

ஈரப்பதத்தை எடுத்துக்கொள்வோம். செங்கால் ஆமைக்கு 70 முதல் 80 விழுக்காடு வரை காற்றில் ஈரம் இருக்க வேண்டும். அது குறைந்தால் உடல் வறண்டு, வளரும் பருவத்தில் ஓடு சீராக வளராது. அதே ஈரத்தில் ரஷ்ய ஆமையைத் தொடர்ந்து வைத்தால் அதன் கீழோடு அழுகத் தொடங்கும். மூச்சுக்குழாய்த் தொற்றும் எளிதில் பற்றும். இதில் ஒரு நுட்பமும் உண்டு. வறள்நிலத்து ஆமை என்றால் எப்போதும் உலர்ந்த மணலில்தான் கிடக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சல்கட்டா குஞ்சுகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2003ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், மேலோடு கூம்பு கூம்பாகப் புடைப்பதற்கு உணவிலுள்ள புரதத்தைக் காட்டிலும் காற்றின் வறட்சியே பெரிய காரணமாக இருப்பது தெரியவந்தது. இயற்கையில் அக்குஞ்சுகள் வளையின் ஈரத்தில் பெரும்பொழுதைக் கழிக்கின்றன என்பதை நினைத்தால் இது வியப்புக்குரியதல்ல. ஆக, ஈரமும் வறட்சியும் ஒரே பட்டிக்குள் அருகருகே, அந்தந்த இனத்துக்கும் வயதுக்கும் ஏற்ற அளவில் அமைய வேண்டியிருக்கிறது. ஓர் இனத்துக்கே இத்தனை கவனம் தேவைப்படும்போது, நான்கு இனங்களுக்கு ஒரே இடத்தில் அதைச் செய்வது இயலாத செயல்.

குளிர்காலம் வந்தால் முரண் இன்னும் கூர்மையாகும். ரஷ்ய ஆமை, மத்தியதரைக்கடல் பகுதியைச் சேர்ந்த ஹெர்மன் ஆமை, கிரேக்க ஆமையின் பெரும்பாலான வகைகள் ஆகியவை ஏறத்தாழ 5 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் மாதக்கணக்கில் உறக்கநிலைக்குச் செல்பவை. வெப்பம் 10 டிகிரியைத் தாண்டினால் அவை அரைகுறையாக விழித்து உடற்சேமிப்பைக் கரைத்துவிடும். உறைநிலைக்குக் கீழே இறங்கினால் கண் பார்வையே பறிபோகலாம். சல்கட்டா, சிறுத்தை, செங்கால், நட்சத்திர ஆமைகளுக்கு இந்த உறக்கம் கிடையாது. அவற்றை அப்படிக் குளிரில் விட்டால் செரிமானம் நின்று, நுரையீரல் அழற்சி கண்டு இறந்துபோகும். ரஷ்ய ஆமையின் தாக்குப்பிடிக்கும் திறன் பெயர் பெற்றதுதான். 1968 செப்டம்பரில் சோவியத் ஒன்றியம் ஏவிய சோண்ட் 5 விண்கலத்தில் நிலவைச் சுற்றிவிட்டு உயிரோடு பூமிக்குத் திரும்பியவை இந்த இனத்தைச் சேர்ந்த இரண்டு ஆமைகளே. அந்தப் புகழாலோ என்னவோ, இது எதையும் தாங்கும் என்று முடிவுகட்டி, கிடைத்த இடத்தில் கிடைத்த துணையோடு இதை அடைத்துவிடும் பழக்கம் வளர்ப்போரிடையே பரவலாக இருக்கிறது.

உணவு பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். சல்கட்டாவும் சிறுத்தை ஆமையும் நார்ச்சத்து மிகுந்த புல்லையும் உலர்புல்லையும் நம்பி வாழ்பவை. அவற்றின் குடலில் வாழும் நுண்ணுயிர்களே அந்த நாரைச் செரிக்கச் செய்கின்றன. செங்கால் ஆமைக்குப் பழமும், அவ்வப்போது சிறிது விலங்குப் புரதமும் வேண்டும். ஒரே தட்டில் வைத்தால் சல்கட்டா பழத்தைத்தான் முதலில் தின்னும். சர்க்கரை மிகுந்து அதன் குடல் நுண்ணுயிர்களின் சமநிலை குலைந்து வயிற்றுப்போக்கில் முடியும். தட்டுகளைத் தனித்தனியாக வைத்தால் போதாதா என்று கேட்கலாம். பெரிய ஆமை நடந்துபோய் எல்லாத் தட்டுகளையும் காலி செய்துவிடும். அதைத் தடுக்க ஆள் நின்றுகொண்டிருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய காரணம் நோய். தட்பவெப்பத்தையும் உணவையும் உழைப்பால் ஓரளவு சரிக்கட்டிவிடலாம் என்று ஒருவர் வாதிட்டாலும், நோயைப் பொறுத்தவரை அந்த வாதம் நிற்காது. ஓர் இனம் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து, சுமந்து பழகிப்போன கிருமி அதற்குப் பெரிய தீங்கு செய்யாமல் உடலுக்குள் தங்கியிருக்கும். அதே கிருமி, அதை ஒருபோதும் சந்தித்திராத மற்றோர் இனத்தின் உடலில் புகும்போது கொலைகாரனாகிவிடும். நில ஆமைகளைத் தாக்கும் ஹெர்பிஸ் வைரஸ்களில் இதுவரை நான்கு வகைகள் அடையாளம் காணப்பட்டுள்ளன. கிரேக்க ஆமைகள் பல நேரங்களில் இத்தொற்றைத் தாங்கிக்கொண்டு, பார்வைக்கு முழு நலத்தோடு உலவுகின்றன. அவற்றோடு ஒரே பட்டியில் விடப்படும் ஹெர்மன் ஆமைகளோ நாக்கிலும் வாயிலும் மஞ்சள் படலம் படர்ந்து, மூக்கொழுகி, கழுத்து வீங்கி, இரையை மறுத்து, சில வாரங்களுக்குள் கூட்டமாகச் சாகக்கூடும். தப்பிப் பிழைத்த ஆமையின் உடலில் வைரஸ் வாழ்நாள் முழுவதும் ஒளிந்திருக்கும். உறக்கநிலையிலிருந்து எழும்போதும், இடம் மாற்றும்போதும், புதிய ஆமையோடு சேர்க்கும்போதும், அதாவது உடல் நெருக்கடிக்கு ஆளாகும் எந்த வேளையிலும், அது மீண்டும் வெளிப்பட்டுப் பிற ஆமைகளுக்குப் பரவும். இதை முற்றாக அகற்றும் மருந்து இன்றுவரை இல்லை.

மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரி உண்டாக்கும் மேல் மூச்சுப்பாதை நோயும் இத்தகையதே. மூக்கிலிருந்து நீர் வடிதல், கண்ணிமை வீங்குதல் போன்ற அறிகுறிகள் சில நாட்கள் தோன்றி, பிறகு தாமாகவே அடங்கிவிடும். குணமாகிவிட்டதென்று வளர்ப்பவர் நிம்மதியடைவார். ஆமையோ நோயைப் பரப்பிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்து ஆமைகள் 1990ஆம் ஆண்டு அந்நாட்டின் அச்சுறுத்தலுக்குள்ளான உயிரினப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது, சொல்லப்பட்ட காரணங்களுள் இந்நோயும் ஒன்று. வீடுகளில் வளர்க்கப்பட்டுப் பின்னர் பாலைவனத்தில் விடப்பட்ட ஆமைகள் நோய் பரவ உதவியிருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் ஐயுற்றனர். ஆமைக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது. சளியை இருமி வெளியேற்ற அதனால் இயலாது. ஆதலால் மூச்சுப்பாதையில் தொடங்கும் தொற்று நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால் மீட்பது கடினம்.

குடற்புழுக்களும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணிகளும் தனிக்கதை. ஆமைகள் குடிக்கும் தண்ணீர்த் தட்டிலேயே இறங்கிக் குளித்து அதிலேயே கழிவையும் இடும் இயல்புடையவை என்பதால், பொதுத் தட்டு வைத்திருக்கும் பட்டியில் ஒன்றின் ஒட்டுண்ணி எல்லாவற்றுக்கும் சென்று சேர ஒரே நாள் போதும். உருளைப்புழுவின் முட்டைகள் மண்ணில் நெடுங்காலம் உயிரோடு கிடக்கும். எனவே ஓர் இனத்தை அகற்றிவிட்டு அதே மண்ணில் வேறோர் இனத்தை விடுவதும் சேர்த்து வளர்ப்பதற்கு ஒப்பானதே. இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆடுமாடுகளுக்கும் நாய்களுக்கும் புழுநீக்கத்துக்காகத் தரப்படும் ஐவர்மெக்டின் ஆமைகளுக்கு நஞ்சு. அது அவற்றைச் செயலிழக்கச் செய்து கொன்றுவிடும். மற்றப் பிராணிகளுக்குக் கொடுத்ததில் மிஞ்சியதை ஆமைக்கும் கொடுத்துப் பார்க்கும் துணிச்சல் யாருக்கும் வர வேண்டாம். மேலும், தாவரம் தின்னும் ஆமையின் குடலில் எந்தத் தொல்லையும் தராமல் வாழக்கூடிய ஒருவகை அமீபா, பாம்புகளையும் பல்லி இனங்களையும் கொல்லவல்லது. ஆமைகளோடு பிற ஊர்வனவற்றையும் வளர்ப்பவர்கள் ஒரே துடைப்பத்தையும் ஒரே தட்டையும் எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவதை உடனே நிறுத்த வேண்டும்.

அடுத்தது நடத்தை. ஆமைகள் சண்டையிடும்போது சத்தம் எழுவதில்லை, ரத்தமும் எப்போதும் சிந்துவதில்லை. அதனால் அவை சண்டையிடுவதே பலருக்குத் தெரிவதில்லை. ஓர் ஆமை மற்றொன்றின் பின்னாலேயே நாள் முழுவதும் நடப்பதைத் தோழமை என்கிறார்கள், அது துரத்தல். ஒன்றன்மேல் ஒன்று ஏறி உறங்குவதைப் பாசம் என்கிறார்கள். பெரும்பாலும் அது, வெளிச்சமும் வெப்பமும் கிடைக்கும் ஒரே இடத்தை வலியது பிடித்துக்கொள்ளும் முறை. அடிபட்ட ஆமை கத்தாது. ஒதுங்கி ஒரு மூலையில் கிடக்கும், வெயில் காய வராது, இரைக்குக் கடைசியில் வரும் அல்லது வராமலே போகும். வாரந்தோறும் எடைபோட்டுக் குறித்து வைப்பவருக்கு மட்டுமே அதன் சரிவு கண்ணில் படும். நாற்பது, ஐம்பது கிலோ எடைக்கு வளரும் சல்கட்டா ஆண், தொண்டைக்குக் கீழே முன்னோக்கி நீண்டிருக்கும் ஓட்டு நுனியை நெம்புகோல்போல் கொடுத்து மற்ற ஆமையைப் புரட்டிவிடும். மல்லாந்து கிடக்கும் ஆமையின் உள்ளுறுப்புகள் முதுகோட்டின் அடியில் இருக்கும் நுரையீரலை அழுத்துகின்றன. அதுவும் வெயிலில் புரண்டு கிடந்தால் உடல் சூடேறி மிக விரைவில் உயிர் போய்விடும். இது பகையினால்தான் நேர வேண்டும் என்பதில்லை. கால்கிலோ எடையுள்ள ஆமை நடைபோடும் இடத்தில் அதைப்போல் நூற்றைம்பது மடங்குக்கும் மேற்பட்ட எடையுள்ள ஒன்று சும்மா நடந்து போனாலே போதும்.

இனத்துக்கு இனம் உடல்மொழி மாறுபடுவதும் சண்டையை வளர்க்கிறது. செங்கால் ஆண் தலையை வெட்டி வெட்டி அசைத்துத்தான் எதிரில் நிற்பது ஆணா பெண்ணா என்று அறிந்துகொள்ளும். எதிரில் இருப்பதும் ஆணாக இருந்தால் அதேபோல் அசைத்துப் பதில் சொல்லும். அதன் நெருங்கிய உறவான மஞ்சள்கால் ஆமையின் அசைவே வேறு மாதிரியானது. அப்படியிருக்க, வேறொரு கண்டத்து ஆமையால் அந்தக் கேள்விக்குச் சரியான விடையைத் தர முடியாது; தராத ஆமையின்மேல் செங்கால் ஆண் ஏற முயல்வதும் நடக்கும். ரஷ்ய ஆணும் ஹெர்மன் ஆணும் பெண்ணைச் சுற்றி வந்து முன்னங்கால்களைக் கடித்தும் ஓட்டால் மோதியும் பணியவைக்கும் வழக்கமுடையவை. இத்தகைய இணைசேரலுக்குப் பழகாத பிற இன ஆமைகள் வாலிலும் கால்களிலும் ஆழமான புண்பட்டு மருத்துவரிடம் வருகின்றன. புண்ணில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. நெருங்கிய இனங்களிடையே கலப்புக் குஞ்சுகளும் பிறக்கின்றன. மத்தியதரைக்கடல் பகுதி ஆமைகளுக்கிடையிலும், அரிதாகச் சல்கட்டாவுக்கும் சிறுத்தை ஆமைக்கும் இடையிலும்கூட இது நிகழ்ந்துள்ளது. அக்குஞ்சுகளுக்கு எந்த நிலத்தின் தட்பவெப்பத்தைக் கொடுப்பது, உறக்கநிலைக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதற்கு விடையளிக்க எவராலும் முடியாது. பெண் ஆமை விந்தணுவை ஆண்டுக்கணக்கில் உடலுக்குள் சேமித்து வைக்கக்கூடியது. ஆகவே பிரித்து வைத்த பிறகும் கலப்பு முட்டைகள் வருவது உண்டு.

இதற்கு மறுப்பாக இரண்டு வாதங்கள் வழக்கமாக முன்வைக்கப்படுகின்றன. கிரேக்க நாட்டில் மூன்று இன நில ஆமைகள் ஒரே நிலப்பரப்பில் வாழ்கின்றனவே என்பது முதலாவது. உண்மைதான். ஆனால் அங்கே ஒவ்வோர் ஆமைக்கும் நடமாட ஏக்கர் கணக்கில் இடமிருக்கிறது. பிடிக்காத ஆமையைக் கண்டால் விலகி நடந்துவிடலாம், நாட்கணக்கில் மற்றோர் ஆமையின் முகத்தில் விழிக்காமலும் இருக்கலாம். விலகிச் செல்ல முடியாத இடம் என்பதுதான் பட்டியின் இலக்கணம். விலங்குக் காட்சிச்சாலைகளில் சேர்த்து வைக்கிறார்களே என்பது இரண்டாவது வாதம். அங்கே ஒவ்வொரு விலங்கும் நீண்ட தனிமைக் காலத்தைக் கடந்து, திரும்பத் திரும்பப் பரிசோதிக்கப்பட்ட பின்னரே சேர்க்கப்படுகிறது. கால்நடை மருத்துவர் வளாகத்திலேயே இருக்கிறார். பிரிக்க வேண்டி வந்தால் பிரித்து வைக்க இடம் தயாராக இருக்கிறது. இவற்றில் ஒன்றும் இல்லாத வீட்டுத் தோட்டத்துக்கு அதைச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. என் தோட்டத்தில் பல ஆண்டுகளாக ஒன்றும் ஆகவில்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழும் ஓர் உயிரின் விஷயத்தில் பத்து ஆண்டு அனுபவம் சிறியது என்பது மட்டுமே என் பதில்.

அப்படியானால் பல இனங்களை வளர்க்கவே கூடாதா? வளர்க்கலாம், தனித்தனியாக. தனித்தனி என்று நான் சொல்வது நடுவில் ஒரு கம்பி வலையைக் கட்டிவிடுவதை அல்ல. வலைக்கு இருபுறமும் நின்று ஆமைகள் மூக்கோடு மூக்கு உரசிக்கொள்ளும்; மறுபுறம் தெரிவதால் அதை நோக்கியே நடந்து நடந்து, முகத்திலும் முன்னங்கால்களிலும் தோல் உரியும்வரை முட்டிக்கொண்டிருக்கும். கண்ணாடித் தொட்டிகளிலும் இதே தொல்லைதான். பட்டியின் சுவர் ஒளி ஊடுருவாததாக இருக்க வேண்டும். இரண்டு பட்டிகளுக்கு நடுவே ஆள் நடந்து செல்லும் அளவுக்கு இடைவெளி விடுவது நல்லது. சிறிய இனங்களுக்குத் தரைக்குமேல் 45 சென்டிமீட்டரும் தரைக்கடியில் 30 சென்டிமீட்டரும் சுவர் இருந்தால் பெரும்பாலும் போதும். ரஷ்ய ஆமை தோண்டுவதிலும் ஏறுவதிலும் கெட்டிக்காரன். மூலைகளில்தான் அது ஏறித் தப்பும் என்பதால் மூலைகளின்மேல் மட்டும் பலகை வைத்து மூடிவிடலாம். வளர்ந்த சல்கட்டாவுக்கு மரவேலி ஒரு தடையே அல்ல; கட்டடச் சுவர் வேண்டும், அதன் அடித்தளமும் ஆழமாக இருக்க வேண்டும். நான் பார்த்தவரையில் எவரும் நினைத்துப் பார்க்காத ஒன்று நில மட்டத்தின் சரிவு. மேட்டிலுள்ள பட்டியில் விழும் மழைநீர், கழிவையும் புழுமுட்டைகளையும் அள்ளிக்கொண்டு பள்ளத்திலுள்ள பட்டிக்குப் பாய்ந்தால், நடுவே எத்தனை சுவர் எழுப்பியும் பயனில்லை. ஒவ்வொரு பட்டியின் நீரும் தனித்தனியே வெளியேற வழி செய்த பிறகே சுவரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பட்டிகளைப் பிரித்தவர்கள் தங்கள் கைகளை மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு பட்டிக்கும் தனித் தண்ணீர்த் தட்டு, தனி இரைத் தட்டு, தனித் துடைப்பம், முடிந்தால் தனிச் செருப்பு இருக்க வேண்டும். நெடுநாள் நலமாக இருப்பவற்றை முதலிலும், புதிதாக வந்தவற்றையும் நோயுற்றவற்றையும் கடைசியிலும் கவனிப்பது நல்ல ஒழுங்கு. கிருமிநாசினியைத் தெளித்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று கருதக்கூடாது. மண்ணும் கழிவும் ஒட்டியிருக்கும் தட்டின்மேல் ஊற்றப்படும் பிளீச்சிங் கரைசல் தன் வீரியத்தை அழுக்கிலேயே இழந்துவிடும். தேய்த்துக் கழுவிய பின்னர்தான் அதற்கு வேலை. கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவது ஆமைகளின் நலத்துக்காக மட்டுமல்ல. நலமாகத் தோன்றும் ஆமையும், மனிதருக்குக் குடல்நோய் உண்டாக்கும் சால்மொனெல்லா என்னும் பாக்டீரியாவைச் சுமக்கக்கூடும். குழந்தைகளிடம் இத்தொற்று பரவியதால்தான் 1975ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஓட்டின் நீளம் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பது தடை செய்யப்பட்டது.

புதிய ஆமையை, அது எந்த இனமாயினும், குறைந்தது ஆறு மாதமாவது வேறு அறையிலோ தோட்டத்தின் மறுகோடியிலோ தனிமைப்படுத்த வேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் முறை. உறக்கநிலைக்குச் செல்லும் இனமாக இருந்தால், ஓர் உறக்கம் முடிந்து எழும்வரை காத்திருப்பது இன்னும் பாதுகாப்பானது. இந்தக் காலத்தில் ஊர்வன மருத்துவத்தில் பயிற்சியுள்ள கால்நடை மருத்துவரிடம் கழிவுப் பரிசோதனையும், வாய், மூக்குத் துடைப்பு மாதிரிகளைக் கொண்டு ஹெர்பிஸ், மைக்கோபிளாஸ்மா பரிசோதனைகளும் செய்துகொள்ளலாம். வைரஸ் ஒளிந்திருக்கும் காலத்தில் எடுக்கும் மாதிரியில் அது அகப்படாமல் போவதும் உண்டு. ஆதலால், 'இல்லை' என்று வரும் ஒரேயொரு முடிவை நம்பி இரண்டு இனங்களைச் சேர்த்துவிட முடியாது.

ஒற்றையாக வைத்தால் ஆமை ஏங்கிப்போகுமே என்ற கவலை பலருக்கு இருக்கிறது. துணை தேடித்தான் பெரும்பாலானோர் வேற்றினத்தைக் கொண்டுவந்து விடுகிறார்கள். நில ஆமைகள் பெரும்பாலும் தனித்து வாழும் உயிர்கள். தாய் முட்டையிட்டுப் புதைத்துவிட்டுப் போய்விடும். குஞ்சு தன் முதல் நாளிலிருந்தே தனியாகத்தான் பிழைக்கிறது. விசாலமான இடம், மறைந்துகொள்ளப் புதர், மேய்வதற்குப் பல வகைச் செடிகள், ஏறி இறங்க மண்மேடு ஆகியவை இருந்தால் ஓர் ஆமை தன் நாளை நன்றாகவே கழித்துக்கொள்ளும். சொல்லப்போனால் ஒரே இனத்தில்கூட இரண்டே இரண்டை மட்டும் சேர்த்து வைப்பதுதான் மிக மோசமான எண்ணிக்கை. வலியதன் தொல்லை முழுவதும் எளியதன்மேல் மட்டுமே விழும். கூட்டமாக வளர்க்க விரும்புபவர்கள் ஒரே இனத்தில் ஓர் ஆணும் பல பெண்களுமாக, போதிய இடத்தோடு வளர்க்கட்டும்.

சட்டத்தையும் குறிப்பிட வேண்டியிருக்கிறது. வளர்ப்பாமைகளில் பல, அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்கள். நட்சத்திர ஆமையும் தட்டையோட்டுப் பான்கேக் ஆமையும் 2019ஆம் ஆண்டு முதல் அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் வணிகத்தை முறைப்படுத்தும் சைட்ஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின், வணிகத் தடைக்குரிய முதற்பட்டியலில் இருக்கின்றன. நட்சத்திர ஆமையை இந்தியாவில் வீட்டில் வைத்திருப்பதே வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கடத்தலில் அகப்படும் ஆமைகள் பல இனங்களோடும் பல நாட்டு ஆமைகளோடும் ஒரே பெட்டியில் நெருக்கி அடைக்கப்பட்டு வருபவை; நோய்க்கலப்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது. எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத ஆமையை வாங்குபவர் சட்டத்தை மீறுவதோடு, தம் பட்டிக்குள் என்ன நுழைகிறது என்பதையும் அறியாமல் இருக்கிறார்.

இப்போது பல இனங்களை ஒன்றாக வைத்திருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது, உரிய பட்டிகள் கட்டி முடியும்வரை காத்திராமல், தற்காலிகமான பெரிய தொட்டிகளிலோ தடுப்பறைகளிலோ அவற்றை இன்றே பிரித்து வைப்பது. பிரித்தவுடன் ஒவ்வொன்றையும் எடைபோட்டு, வாயையும் மூக்கையும் கண்ணிமைகளையும் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த சில வாரங்களில் எடை கூடத் தொடங்கும் ஆமை எது என்பதைக் கவனித்தால், அதுவரை ஒடுக்கப்பட்டுக் கிடந்தது எது என்று தெரிந்துவிடும். பிறகு எல்லாவற்றையும் மருத்துவரிடம் காட்டிப் பரிசோதிக்கலாம். பரிசோதனை முடிவுகள் எப்படி வந்தாலும், வேற்றினத்தோடு சேர்ந்து வாழ்ந்த ஆமையை நோய் சுமக்கும் வாய்ப்புள்ளதாகவே கருதி, அதன் வாழ்நாள் முழுவதும் புதிய ஆமைகளோடு சேர்க்காமல் இருப்பதே முறை. இடமில்லாமல் அதைப் பிறருக்குக் கொடுக்க நேர்ந்தால், அது எந்தெந்த இனங்களோடு எவ்வளவு காலம் இருந்தது என்பதை எழுத்தில் தெரிவித்துக் கொடுக்க வேண்டும். காட்டிலோ வயல்வெளியிலோ கொண்டுபோய் விட்டுவிடுவதை மட்டும் எந்த நிலையிலும் செய்யலாகாது.

இப்படிக்கு,
ஆமை வளர்க்கும் வாசகர் ஒருவர்